சர்மிளாவும் மூவாயிரத்து இருநூறு வலைகளும்

சர்மிளாவோடு கண்டிச் சந்தைக்குப் போனால் அவளுடைய கணவர் ரவிகுமார் பத்தடி முன்னால்தான் நடப்பார். இரண்டு பேரும் ஒன்றாக வந்தவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். வாங்குகிற பொருளுக்கு விலை கேட்பது எல்லோரும் செய்கிற காரியம். சர்மிளா வாங்காத பொருளுக்கும் விலை கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர் வாங்கிய பொருளுக்கும் கேட்பாள். ஒருமுறை ஒரு மரண வீட்டில் சவப்பெட்டியின் விலையைக் கேட்டு, "ஏமாத்திட்டாங்க அண்ணே" என்று இறந்தவரின் மகனிடமே சொல்லியிருக்கிறாள். துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில் வேறு எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து ரவிகுமார் போட்ட சட்டம்.

கந்தோரில் நான் அவளுக்கு அடுத்த மேசை. கணக்காய்வுக் கிளையில் பதினொரு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். அவள் மடுல்கெல்லைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரத்தினம்மா தேயிலை நாற்று வளர்க்கும் பகுதியில் வேலை செய்தவர். இந்த விலை கேட்கிற வியாதி எங்கே பிடித்தது என்று நான் ஒருநாள் கேட்டேன். தோட்டத்தில் ஒரே ஒரு கடைதான் இருந்ததாம். கடைக்காரர் சொல்வதுதான் விலை. பதினொரு வயதில் அம்மாவோடு முதன்முதலாகக் கண்டி நகரத்துக்கு வந்தபோது, தாங்கள் தினமும் குளிக்கிற அதே சவர்க்காரம் மூன்று ரூபாய் குறைவாக விற்பதைப் பார்த்தாளாம்.

"திரும்பிப் போற பஸ்ல ரெண்டு மணி நேரம் யார் கூடவும் பேசலை. அவ்வளவு கோவம்" என்றாள். "அந்தக் கோவம் இன்னும் எறங்கலைன்னு நினைக்கிறேன்."

அந்தக் கோபத்துக்கு அரசாங்கமே ஒரு வேலை வைத்திருந்தது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதம் எங்கள் கிளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. சிங்களத்தில் நான்கே வரி. கண்டிக்கு வெளியே உள்ள ஒரு படைக் களஞ்சியத்துக்கு மறைப்பு வலைகள் வாங்கியிருக்கிறார்கள், அவற்றின் விலையைப் பாருங்கள் என்று இருந்தது. வாகனங்களையும் கூடாரங்களையும் எதிரியின் கண்ணில் படாமல் மூடி வைக்கிற வலைகள். வழங்கியது ஒரு கொழும்புக் கம்பனி. அதன் பெயருக்குள் ஒரு சிறுத்தையும் இருந்தது, முழு உலகமும் இருந்தது.

எங்கள் அத்தியட்சகர் நவரட்ணராஜா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அந்த ஒன்பது மாதத்தையும் பாடசாலைக் கதிரை, மேசைக் கோப்புகளோடு அமைதியாகக் கழித்துவிட்டு நல்லூருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, நீர் ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாரும்" என்று சர்மிளாவிடம் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, "இல்லை, நானும் வாறன். நீர் அங்க போய் பீரங்கிக்கு விலை கேட்டாலும் கேப்பீர்" என்றார்.

என்னையும் சேர்த்து மூன்று பேர் போனோம். களஞ்சியத்துக்குப் பொறுப்பான மேஜர் நல்ல மனிதர், சிங்களவர். எங்களைப் பார்த்துப் பதறவும் இல்லை, எரிந்து விழவும் இல்லை. ஒரு வலையை எடுத்து விரிக்கச் சொன்னார். ஆறு மீற்றருக்கு ஆறு மீற்றர். பச்சை வலை, அதன்மேல் இலை வடிவத்தில் வெட்டிய பச்சையும் மண்ணிறமுமான துணித்துண்டுகள் வரிசையாகத் தைத்திருந்தன. விலை ஒன்றுக்கு முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். மூவாயிரத்து இருநூறு வலைகள். பன்னிரண்டு கோடியே நாற்பது இலட்சம். இன்னும் ஐயாயிரத்துக்கு உத்தரவு போட ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

"எப்படி, நல்லா இருக்கா?" என்று சர்மிளா அவரிடம் சிங்களத்தில் கேட்டாள். அவளுடைய சிங்களம் எங்கள் எல்லோருடையதையும் விட நன்றாக இருக்கும்.

மேஜர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "மழை பெய்தால் இலை உதிர்கிறது. இந்த நாட்டில் இல்லாத இலையுதிர் காலத்தையும் விலையில் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் போல" என்றார்.

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவர் யார் என்று நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சர்மிளா குந்தி உட்கார்ந்து வலையைப் புரட்டிப் போட்டாள். இலைகள் கீழே போய், வலையின் அடிப்பக்கம் மேலே வந்தது. அதில் ஒரு முழத்துக்கு ஒரு மஞ்சள் நூல் நெடுக ஓடியது. அந்த நூலை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனாள். பிறகு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சேர், இது தவறணை வலைங்க சேர்!"

நவரட்ணராஜா சேர் திடுக்கிட்டுப் போனார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? தவறணைக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?"

"தவறணையில மேல கட்டுற வலை சேர். எங்க அம்மா வேலை செஞ்சது தவறணையிலதான். நானும் சின்னதுல லீவு நாள்ல அங்கதான் கெடப்பேன்."

சேருடைய முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் வெற்றிலைகூடப் போடாத சைவக்காரர். யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுக்கடை.

"கொம்மா... தவறணையிலயோ வேலை செய்தவா?" என்று மிகவும் மெல்லிய குரலில், இரங்கல் தெரிவிப்பவர் போலக் கேட்டார். "சின்னப் பிள்ளை உம்மையும் அங்க கூட்டிக்கொண்டு போனவாவோ?"

நான் குறுக்கே விழுந்து, மலைநாட்டில் தவறணை என்றால் தேயிலை நாற்று வளர்க்கும் இடம் என்று விளக்கினேன். இளம் கன்றுகளுக்கு வெயில் படாமல் மேலே கட்டுகிற நிழல் வலை. மஞ்சள் நூலை அளவாக வைத்துத்தான் கம்பு நடுவார்கள். சேர் நீண்ட பெருமூச்சு விட்டார். சர்மிளா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஒன்றும் விளங்காத மேஜரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சேர் பழைய சேராகிவிட்டார்.

"ஓம், உமக்குத் தெரியுது. ஆனா உமக்குத் தெரிஞ்சது சாட்சியில்லை. அதே வலையைக் கடையில வாங்கிப் பக்கத்தில வைச்சுக் காட்ட வேணும்."

"நாளைக்கே வாங்கிட்டு வந்துடுறேன் சேர்."

"நாளைக்கு எப்பிடி வாங்குவீர்? அரசாங்கக் காசில வாங்கிறதெண்டால் மூண்டு விலைக்கோரல் வேணும்."

ஆக, கூடுதல் விலை கொடுத்து வலை வாங்கியதைக் கண்டுபிடிப்பதற்காக ஒரே ஒரு வலை வாங்க, நாங்கள் மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேட்க வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் சலித்திருப்பார்கள். சர்மிளாவுக்கு அது பிறந்தநாள் பரிசு மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாக, விலை கேட்பதற்குக் கையில் அரசாங்கக் கடிதம்!

பிலிமத்தலாவையில் ஒரு கடை, கடுகண்ணாவையில் ஒரு கடை. இரண்டிலும் விலைக்கோரல் கிடைத்தது. மூன்றாவது கட்டுகஸ்தோட்டையில் லாபிர் நானாவின் கடை. உரம், மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், வலை எல்லாம் விற்பவர். சர்மிளாவை அவருக்கு ஏற்கெனவே தெரியும். வாளி ஒன்றுக்கு நாற்பது நிமிடம் பேரம் பேசியவளை யார்தான் மறப்பார்?

"வாங்க தங்கச்சி. இண்டைக்கு என்னத்துக்கு வெல கேக்கப் போறீங்க?"

"தவறணை வலை நானா. ஆறுக்கு ஆறு. மஞ்ச நூல் ஓடுறது."

"அஞ்சாயிரத்தி நானூறு. உங்களுக்கெண்டா அஞ்சாயிரத்தி முந்நூறு. சண்ட புடிக்க எனக்குத் தெம்பில்ல."

"நானூறே போடுங்க நானா. ஆனா எழுத்துல வேணும். சீல் வைச்சு."

லாபிர் நானா நெஞ்சில் கை வைத்தார். "எழுத்திலயா? பில் கேட்டாலே எனக்கு பிரஷர் ஏறும் தங்கச்சி. வெலய கூட்டச் செல்லி கேக்கிறீங்க, அதையும் எழுத்தில கேக்கிறீங்க. உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லயா?"

ஒருவழியாகப் பேனாவை எடுத்தவர், எழுதிக்கொண்டே பொருமினார். "இப்பதான் இந்த வலை ஒழுங்கா வருது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஆறு மாசமா ஒரு துண்டு வலை இல்ல. தோட்டத்து ஆக்கள் வந்து எனக்கு ஏசின ஏச்சு! கொழும்பில இறக்குமதிக்காரன்ட்ட கேட்டா, எல்லாத்தையும் ஒரே கம்பனி அள்ளிட்டுப் போயிட்டாம். என்னமோ ஒரு புலியோ சிறுத்தையோ."

சர்மிளா என் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் வளையல் என் தோலில் பதிந்துவிட்டது.

அந்த இறக்குமதிக்காரரின் விலாசம் லாபிர் நானாவிடம் இருந்தது. சேர் முறைப்படி கடிதம் எழுதினார். மூன்று கிழமையில் விற்பனைச் சீட்டுகளின் பிரதிகள் வந்தன. சிறுத்தைக் கம்பனி அந்த ஆறு மாதத்தில் வாங்கிய நிழல் வலை, மூவாயிரத்து இருநூறு மறைப்பு வலைகளுக்குக் கச்சிதமாகப் போதும். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

கம்பனி சளைக்கவில்லை. ஆமாம், அடிப்படை வலை சாதாரண வலைதான், ஆனால் அதற்கு விசேட இரசாயனப் பூச்சு கொடுத்திருக்கிறோம், வெப்பம் காட்டும் கருவியால் பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது, அதற்குத்தான் அந்த விலை என்று பதில் எழுதியது. ஆங்கிலத்தில், பளபளப்பான தாளில், நான்கு வண்ண வரைபடங்களோடு.

"சரிதான். அப்ப பாத்திடுவம்" என்றார் நவரட்ணராஜா சேர். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பரிசோதனை நாளன்று களஞ்சிய முற்றத்தில் இரண்டு வலைகள் கட்டித் தொங்கவிடப்பட்டன. இடது பக்கம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். வலது பக்கம் லாபிர் நானாவின் வலை. கம்பனி சார்பில் கழுத்தில் ரை கட்டிய ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். மேஜரிடம் வெப்பம் காட்டும் கருவி இருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய திரை. இனி வலைக்குப் பின்னால் சூடான உடம்பு ஒன்று வேண்டும்.

பொறியியலாளரைக் கேட்டோம். தனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார்.

"நான் இருக்கிறன்" என்று சேர் முன்வந்தார். "எனக்கும் முழங்கால் நோகுது. ஒரு கதிரை போட்டால் போதும்."

பிளாஸ்டிக் கதிரை போடப்பட்டது. சேர் தன்னுடைய பிளாஸ்கோடும் குடையோடும் விலை கூடிய வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நாங்கள் முப்பது மீற்றர் தள்ளி வந்து திரையைச் சுற்றி நின்றோம்.

திரையில் சேர் வெள்ளை வெளேரென்று ஜொலித்தார். தலை, தோள், பானை வயிறு, எல்லாம் தெளிவாக. கண்ணாடி இருக்கும் இடம் மட்டும் கறுப்பாக இரண்டு வட்டம்.

"சேர் இப்போது பிளாஸ்கைத் திறக்கிறார்" என்று மேஜர் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்ல ஆரம்பித்தார். "தேநீர் ஊற்றுகிறார். கோப்பை வாய்க்குப் போகிறது. சுட்டுவிட்டது. ஊதுகிறார்."

"போதும் சேர், அடுத்த வலைக்கு மாறுங்க!" என்று சர்மிளா கத்தினாள்.

அடுத்த வலைக்குப் பின்னாலும் அதே சேர், அதே வயிறு, அதே தேநீர். ஒரு வித்தியாசமும் இல்லை. பொறியியலாளர் ரையைத் தளர்த்திக்கொண்டு, காற்று பிழையான திசையில் வீசுகிறது என்றார். காற்றுத் திசை மாறும்வரை காத்திருந்தோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டதால் சேர் தன்னுடைய கறுப்புக் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டார்.

திரையில் சேரைக் காணவில்லை.

இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. இடுப்புக்கு மேலே ஒரு மங்கிய வட்டம். மேஜர் கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு விளங்கியது. வலையின் ஓட்டைகளுக்குள்ளால் வருகிற வெப்பத்தைக் குடைத்துணி மறித்துவிட்டது.

"சேர், அந்தக் குடை என்ன விலைங்க?" என்று சர்மிளா தூரத்திலிருந்தே கேட்டாள்.

"ஆயிரத்து நானூற்றைம்பது! ஏன் பிள்ளை?"

மேஜர் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பொறியியலாளர் வாகனத்தை நோக்கி நடந்தார். இந்தக் குடை விவகாரத்தை அறிக்கையில் ஒரு தனிப் பந்தியாக எழுத வேண்டும் என்று சர்மிளா ஒற்றைக்காலில் நின்றாள். சேர் அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டார். அதற்காக அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்பு குறைவு. அறிக்கையின் முதல் வரைவு மேலே போனதும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. யார் யாரோ சேரிடம் பேசினார்கள். ஒரு நாள் காலையில் கோப்பை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது, கோப்பு போனது. சர்மிளாவைப் பாடசாலைத் தளபாடங்களுக்கு மாற்றினார்கள். நான்கு மாதம் அவள் மேசைகளையும் வாங்குகளையும் எண்ணினாள். அந்த நான்கு மாதமும் அவள் யாரிடமும் எதற்கும் விலை கேட்கவில்லை. ரவிகுமார் எனக்கு இரகசியமாகத் தொலைபேசி எடுத்தார்.

"நேத்து மார்க்கெட்ல ஒருத்தன் கேரட்டு கிலோ எண்ணூறுன்னான். இவ பேசாம காசைக் குடுத்துட்டா. எனக்குப் பயமா இருக்குங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

கோப்பு திரும்பி வந்தது, எப்படி என்று எனக்கு முழுக்கத் தெரியாது. கொழும்பில் ஆட்கள் மாறினார்கள். இடங்கள் மாறின. கோப்பு வந்தபோது சேர் ஓய்வுபெற இன்னும் இரண்டு நாள். அவருக்குப் பின்னால் வருகிறவர் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று பலர் சொன்னார்கள். சேர் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் மறுபடி வாசித்தார். மத்தியானம் எங்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருந்தது.

"சேர், பிறகு உங்களுக்குப் பிரச்சினை வராதா?" என்று நான் கேட்டேன்.

"என்ன செய்வினம்? இடமாற்றம் தருவினமோ? எங்க, நல்லூருக்கோ?" என்றார். பிறகு சர்மிளாவைப் பார்த்து, "பிள்ளை, உள்ள ஒருக்கா வாசிச்சுப் பாரும். நாற்பத்திரண்டாம் பக்கம்" என்றார்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் குடை இருந்தது. சர்மிளா அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தாள். "தாங்ஸ் சேர்" என்றவள், வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

ஆறு மாதம் கழித்துப் பாராளுமன்றக் குழு ஒன்று அவளைக் கொழும்புக்கு அழைத்தது. பெரிய அறை, நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒலிவாங்கி. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நவரட்ணராஜா சேர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பனியின் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கேள்விகளுக்கு மழுப்பி மழுப்பிப் பதில் சொன்னவர், இறுதியில் பொறுமையிழந்தார்.

"இந்த உத்தியோகத்தர் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று கேள்விப்படுகிறேன். அவருக்குத் தேயிலையைப் பற்றித் தெரிந்திருக்கலாம். பாதுகாப்பைப் பற்றி என்ன தெரியும்?"

சர்மிளா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உண்மைதான் சேர். எனக்குத் தேயிலைதான் தெரியும்" என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். "நீங்க தேயிலைக்குக் கட்டுற வலையை விக்காம இருந்திருந்தா, நான் ஒண்ணுமே கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

குழுவின் தலைவர் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது நவரட்ணராஜா சேர். ஆனால் அது இருமல் இல்லை.

ஐயாயிரம் வலைகளுக்கான இரண்டாவது உத்தரவு இரத்தானது. முதல் தொகைக்கான வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பனிக்காரர் இருவர் பிணையில் இருக்கிறார்கள். கொள்வனவுக் குழுவில் இருந்த ஒருவர் உடல்நலக் காரணங்களுக்காக ஓய்வுபெற்றார். மாலையில் அவர் கண்டி வாவியைச் சுற்றி வேகமாக நடப்பதைக் கண்டவர்கள் உண்டு. லாபிர் நானா சாட்சி சொல்லப் புதுச் சட்டை தைத்து, கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனார். சர்மிளாவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. பெயரைச் சர்மிலா என்று அடித்திருந்தார்கள்.

வழக்குச் சான்றாக ஐம்பது வலைகளை முத்திரையிட்டு எடுத்துப் போனார்கள். மிச்சம் களஞ்சியத்திலேயே கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியது எங்கள் கிளையின் பொறுப்பு. போன மாதம் நானும் அவளும் போனோம். எண்ணி முடிக்கப் பிற்பகல் நான்கு மணியானது. இரண்டு வலை குறைந்தது. மறுபடியும் எண்ணினோம். மறுபடியும் இரண்டு குறைந்தது.

மேஜர் காதைச் சொறிந்தார். பிறகு எங்களைக் களஞ்சியத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சிப்பாய்களின் மரக்கறித் தோட்டம். நான்கு கம்பு நட்டு, மேலே இரண்டு வலைகளையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். துணி இலைகள் எல்லாம் உதிர்ந்து போயிருந்தன. கீழே கத்தரிக் கன்றுகள் கொழுகொழுவென்று காய்த்துக் கிடந்தன.

"சும்மா கிடக்கிறதே என்று..." என்றார் மேஜர்.

சர்மிளா ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்தாள். கம்புகளின் இடைவெளியைப் பார்த்தாள். ஒரு கம்பைப் பிடுங்கி, மஞ்சள் நூலுக்கு நேராகச் சரியான இடத்தில் நட்டுக் காட்டினாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு அங்கே கிடந்த ஒரு கதிரையில் உட்கார்ந்து, இரண்டு வலைகள் இராணுவம் சாராத தேவைக்குப் பயன்படுத்தப்பட்டுள்ளன, விளக்கம் தருக என்று கணக்காய்வு ஐயவினா ஒன்றை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினாள்.

பதிலுக்கு இரண்டு கிழமை அவகாசம் கேட்டார். இன்னும் வரவில்லை.